இல்லாத ஜன்னல் வழியே வந்த காற்று

சாஸ்லவின் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்த அந்தச் செவ்வாய்க்கிழமை வரை, ஜன்னலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜன்னலை வைத்தவள் யாஸ்னா. நிஷ் நகரத்தில் உள்ள பணிச்சூழல் ஆய்வு நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளுடைய ஒப்பந்தம் முடியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இயக்குநர் ராதோஸவ் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, "நீ கிட்டத்தட்ட நிரந்தரம்தான், யாஸ்னா" என்பார். கிட்டத்தட்ட நிரந்தரமாக இருப்பவள் காய்ச்சலில் படுக்க முடியாது. ஆகஸ்டில் எல்லோரும் கடலுக்குப் போகும்போது போக முடியாது. இயக்குநர் வீட்டுப் புனிதர் நாள் விருந்துக்குப் போகாமல் இருக்கவும் முடியாது.

இந்த முறை மட்டும் அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தார்.

"இந்த சிஸ்டத்தை பெல்கிரேட்ல இருந்து வர்ற கமிஷன் ஏத்துக்கிட்ட அன்னிக்கே உனக்கு நிரந்தர வேலை. எங்கம்மா உயிர் மேல சத்தியம்."

அவருடைய அம்மா செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. சவ ஊர்வலத்தில் யாஸ்னாவின் அப்பா நடந்து போயிருக்கிறார். இருந்தாலும் அவள் நம்பினாள். நம்புவதற்கு அந்த நிறுவனத்தில் வேறு ஒன்றும் இல்லை.

சிஸ்டம் என்பது புரோகிராமர்களுக்கான மெய்நிகர் அறை. திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்து கொண்டிருந்த பத்துப் பேரும் இனி தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, தாங்கள் எழுதும் நிரலுக்குள்ளேயே நடந்து திரிவார்கள். ஒவ்வொரு கோப்பும் ஓர் அலமாரி. ஒவ்வொரு கட்டளைத் தொகுதியும் ஓர் இழுப்பறை. முன்பெல்லாம் விட்டுப்போன ஒரு காற்புள்ளியைப் போட ஒரு விரல் போதும். இப்போது எழுந்து, பதினாறு அடி நடந்து, குனிந்து, இழுப்பறையை இழுத்து, காற்புள்ளியை இரண்டு கையாலும் எடுத்து வைக்க வேண்டும். இதனால் புரோகிராமர்களின் உடல்நலம் மேம்படும் என்று நிறுவனத்தின் ஆண்டறிக்கை சொல்லியது. தலைக் கருவிக்கு ஜெர்மன் மொழியில் நீளமான ஒரு பெயர் இருந்தது. அதை எல்லோரும் வாளி என்றார்கள்.

வேலை தொடங்கியதுமே பத்துப் பேரையும் இரண்டாம் மாடியிலிருந்து நிலவறைக்கு இறக்கிவிட்டார்கள். "மெய்நிகர் அறையில இருக்குறவனுக்கு மெய்யான ஜன்னல் எதுக்கு?" என்று இயக்குநர் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இரண்டாம் மாடியின் ஆறு ஜன்னல்களும் ஒரு பல் மருத்துவமனைக்கு வாடகைக்குப் போயின.

யாஸ்னா முதலில் கட்டிய அறையில் ஜன்னல் இல்லை. முதல் நாளே நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். நடக்கிறாய் என்று கண் சொல்கிறது, உட்கார்ந்திருக்கிறாய் என்று உள்காது சொல்கிறது, யாரை நம்புவது என்று வயிற்றுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குப் பிடித்துக்கொள்ளத் தூரத்தில் அசையாத ஏதாவது ஒன்று வேண்டும் என்று யாஸ்னா கண்டுபிடித்தாள். இடப்பக்கச் சுவரில் திறந்த ஜன்னல் ஒன்றை வைத்தாள். அதற்கு அப்பால் ஒரு மலை. பக்கத்துக்கும் தூரத்துக்கும் வித்தியாசம் தெரிய, ஜன்னலில் ஒரு வெள்ளைத் திரைச்சீலை. நான்கு வினாடிக்கு ஒரு முறை அது மெதுவாக உள்ளே வந்து வெளியே போகும். வாந்தி நின்றது.

பிறகு தீயணைப்பு விதிப்படி அறை எதுவானாலும் வாசல் ஒன்று வேண்டும், வேலை நேரத்தில் அது திறந்தே இருக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. வலப்பக்கச் சுவரில் ஒரு வாசல் வைத்தாள். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்க வேண்டும் என்று கடிதம் சொல்லாததால் ஒன்றும் வைக்கவில்லை. வெறும் கறுப்பு.

ஆக, இடது பக்கம் திறந்த ஜன்னல், வலது பக்கம் திறந்த வாசல், நடுவில் பத்துப் பேர். நிஷ்ஷில் பிறந்த ஒருத்தி இதைச் செய்திருக்கவே கூடாது. ஜூலை மாத வெயிலில் வேகும் பேருந்தில்கூட ஒரு ஜன்னல் திறந்திருந்தால் எதிர்ஜன்னலைத் திறக்க இங்கே யாருக்கும் துணிச்சல் வராது. குறுக்குக்காற்று அடித்தால் கழுத்து போகும், சிறுநீரகம் போகும், வாய் கோணும். யாஸ்னாவே தன் வீட்டில் ஒன்றை மூடிவிட்டுத்தான் மற்றொன்றைத் திறப்பாள். அறையைக் கட்டும்போது அவளுக்கு அது தோன்றவில்லை. அந்த வருடம் அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்கே பாரு, தங்கச்சி" என்றார் பத்துப் பேரில் மூத்தவரான சாஸ்லவ். முழு உடம்பையும் திருப்பித்தான் அவளைப் பார்க்க முடிந்தது. "கழுத்து கட்டையாப் போச்சு."

"அது வாளியோட கனம்ணே. முக்கால் கிலோ. எட்டு மணி நேரம் தலையில வெச்சிருந்தா..."

"எங்க ஊர்ல ஒவ்வொரு பொம்பளையும் அதைவிடக் கனமாத் தலையில தூக்கியிருக்கா. எவளுக்கும் இப்படி ஆனதில்ல. இது காத்து."

"அங்க காத்தே கிடையாதுண்ணே. திரை ஆடுறது நான் எழுதின கணக்கு."

"கணக்கோ கிணக்கோ. ஆடுதா இல்லியா?"

"ஆடுது."

"காத்தில்லாம திரை எப்படி ஆடும்?"

 

மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு கழுத்துகள் பிடித்துக்கொண்டன. புகார் எழுத்தில் வந்தது. எழுத்தில் வந்த புகாரை விசாரிக்கப் பணிப் பாதுகாப்பு அதிகாரி மிலுங்கா நிலவறைக்கு இறங்கி வந்தாள். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது அவளுக்கு. கையில் காற்றளக்கும் கருவி, கழுத்தில் கம்பளித் துண்டு.

வாளியை மாட்டிக்கொண்டு மெய்நிகர் ஜன்னலை நோக்கி நடந்தாள். மெய்யான நாற்காலி ஒன்றில் இடித்துக்கொண்டாள். பிறகு காற்றளக்கும் கருவியை ஜன்னல் இருந்த இடத்தில் நீட்டிப் பிடித்தாள். நிலவறையின் வெந்நீர்க் குழாய்க்கு முன்னால் கருவி சும்மா இருந்தது.

"எவ்வளவு காட்டுது, பொண்ணே? எனக்கு இதைப் போட்டுக்கிட்டா தெரியலை."

"பூஜ்யம், மிலுங்கா அக்கா."

"இன்னொரு தடவை பாரு."

"பூஜ்யம்தான்."

மிலுங்கா வாளியைக் கழற்றினாள். நெடுநேரம் யோசித்துவிட்டு, 'இந்த வகைக் காற்றைப் பதிவு செய்யும் திறன் தற்போதைய கருவிக்கு இல்லை' என்று படிவத்தில் எழுதினாள். பிறகு தன் பிடரியைத் தேய்த்தாள்.

"ரெண்டு நிமிஷம்தான் நின்னேன். எனக்கே பிடிச்சிருச்சு பாரேன்."

அதையும் எழுதிக்கொண்டாள்.

நிறுவனத்து மருத்துவர் பொஸில்கா, சாஸ்லவின் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடுவில் என்றார் சாஸ்லவ். இரண்டும் திறந்திருந்ததா? இரண்டும். மருத்துவர், குழந்தையை பால்கனியில் விட்டுவிட்டு வந்தவளைப் பார்ப்பது போல யாஸ்னாவைப் பார்த்தார். பத்து நாள் விடுப்பு எழுதினார்.

"டாக்டரம்மா, வாளியோட கனத்தையும் கொஞ்சம் எழுதுங்களேன்" என்றாள் யாஸ்னா. புகார் நிலுவையில் இருக்கும்வரை கமிஷனைக் கூட்ட மாட்டார்கள். கமிஷன் கூடும்வரை நிரந்தரம் இல்லை. காரணம் வாளிதான் என்று ஆகிவிட்டால் வாளியை மாற்றிவிட்டு முடித்துவிடலாம்.

மருத்துவர் கதவைச் சாத்தினார். ஜன்னல் மூடியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

"கண்ணு, கனம்னு எழுதினா அதை வாங்கினவர் பதில் சொல்லணும். வாங்கினவர் யாரு? டைரக்டர். காத்துன்னு எழுதினா யாரும் பதில் சொல்ல வேண்டாம். இருபத்தாறு வருஷமா காத்துன்னுதான் எழுதுறேன். ஒரு கேஸ்கூட திரும்பி வந்ததில்ல."

ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குப் பத்து நாள், வாசல் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு ஆறு நாள் என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் மெய்நிகர் மேசைகளை ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரே கோட்டில், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போலப் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை நிலவறையில் யாஸ்னா மட்டும் இருந்தாள். அவளுக்கும் கழுத்து வலித்தது. கிட்டத்தட்ட நிரந்தரமானவர்களுக்கு விடுப்பு கிடையாது என்பதால் அவள் அதைக் கவனிக்கவில்லை.

இயக்குநர் கூட்டம் கூட்டினார். அவரும் மிலுங்காவும் நிறுவனத்து வக்கீல் திஹோமிரும் யாஸ்னாவும். வக்கீல் திஹோமிர் மெலிந்த மனிதர். எதைப் பேசினாலும் கெட்ட செய்தியை உறவினருக்குச் சொல்லும் குரல்.

"முதல்ல ஜன்னலை மூடு" என்றார் இயக்குநர். "ஒரு மரக்கதவு போட்டு மூடு. முடிஞ்சது கதை."

யாஸ்னா அன்று மத்தியானமே மூடிக் காட்டினாள். விடுப்பு முடிந்து வந்திருந்த மூன்று பேரும் வாந்தி எடுத்தார்கள். ஒருவர் வாளிக்குள்ளேயே எடுத்தார். மிலுங்கா படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வாந்தி குறுக்குக்காத்துல வராது. அது சாப்பாட்டுப் பிரிவு. அதுக்கு வேற கமிட்டி" என்றாள்.

"கண்ணாடி போடுறேன்" என்றாள் யாஸ்னா. "மலை தெரியும். ஜன்னல் மூடியிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை."

எல்லோரும் வக்கீலைப் பார்த்தார்கள்.

"போட முடியாதே" என்றார் திஹோமிர் துக்கமாக. "நிலவறையில ஆளை உட்கார வெக்கணும்னா வெளிச்சமும் காத்தும் வரணும்னு சட்டம். ஆய்வாளர் அலுவலகம் ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டாங்க. நாம அந்த ஜன்னலைத்தான் காட்டியிருக்கோம். வரைபடத்தோட. 'போதிய அளவு புதுக் காற்று இவ்வழியே உள்ளே வருகிறது' அப்படின்னு டைரக்டர் சார் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"போட்டேன்" என்றார் இயக்குநர். "ஏன் போட்டேன்னா, என்கிட்ட கொண்டு வந்தாங்க, போட்டேன். கொண்டு வர்றதுல கையெழுத்துப் போடுறது என் வேலை. படிக்கிறது ஒருத்தர் வேலை, போடுறது ஒருத்தர் வேலைன்னு பிரிச்சு வெச்சதாலதான் இந்த நிறுவனம் நாப்பது வருஷமா நிக்குது."

"கண்ணாடி போட்டா காத்து நின்னுடும்" என்று தொடர்ந்தார் திஹோமிர். "அப்ப நிலவறை சட்டவிரோதம். எல்லாரையும் ரெண்டாம் மாடிக்கு ஏத்தணும்."

"அங்க பல் டாக்டர் இருக்கார்" என்றார் இயக்குநர். "அவர் என் மைத்துனன்ங்கிறதுக்காகச் சொல்லலை. நாற்காலியெல்லாம் தரையோட சேர்த்துப் பூட்டியாச்சு."

"அப்ப வாசலை மூடலாமே" என்றாள் யாஸ்னா.

"தீ பிடிச்சா?" என்றாள் மிலுங்கா.

"அக்கா, அந்த அறையில தீ எப்படிப் பிடிக்கும்?"

"பிடிக்கவே பிடிக்காதுன்னு எழுதிக் குடுப்பியா? கையெழுத்துப் போட்டு?"

யாரும் எழுதிக் கொடுக்க முன்வரவில்லை. கடைசியாக யாஸ்னா, திரைச்சீலையை மட்டுமாவது ஆடாமல் நிறுத்திவிடுகிறேன் என்றாள். அனுபவஸ்தர் என்பதால் சாஸ்லவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"ஐயையோ, வேண்டாம்" என்றார் சாஸ்லவ். "ஆடினாலாவது காத்து எப்ப வருதுன்னு தெரியுது, தலையைக் குனிஞ்சுக்கலாம். திரையும் ஆடாம காத்தும் வந்தா மனுஷன் என்ன பண்ணுவான்?"

அது சரி என்று குறிப்பில் ஏறியது.

இப்படியே விட்டால் காரியம் ஆகாது என்று, புகார் நிலுவையில் இருக்கும்போதே கமிஷனைக் கூட்டிவிட இயக்குநர் தலைநகர் பெல்கிரேடில் ஆளைப் பிடித்தார். மே மாதம் மூன்று பேர் காரில் வந்தார்கள். நிலவறைப் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, மேலேயே உட்கார்ந்து ஆராயலாம் என்று முடிவு செய்தார்கள். மேசையில் புகையில் வாட்டிய பன்றி இறைச்சியும் சீஸும் பிளம் சாராயமும் இருந்தன. ஆராய்ச்சி பதினொரு மணிக்குத் தொடங்கியது.

இயக்குநர் எழுந்தார்.

"மரியாதைக்குரிய கமிஷன் உறுப்பினர்களே. தொழில்நுட்பத்துக்கு எதிரி நான் இல்லை. என்கிட்ட ரெண்டு போன் இருக்கு. ஆனா வெளிநாட்டுக்காரன் ஒரு விஷயத்தை மறந்துட்டான். அவன் மெய்நிகர் உலகத்தைக் கட்டினான். அதுல மலை வெச்சான், கடல் வெச்சான். மனுஷனோட கழுத்தை நினைச்சுப் பார்க்கலை. குறுக்குக்காத்துன்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது. அவன் எல்லா ஜன்னலையும் திறந்து போட்டுட்டு நடுவுல தூங்குறவன். உலகத்துலேயே முதல் முறையா மெய்நிகர் குறுக்குக்காத்தைக் கண்டுபிடிச்சது இந்த நிறுவனம். அதைக் கண்டுபிடிக்க நம்ம பத்து பேரு தங்களோட கழுத்தைக் குடுத்திருக்காங்க. நான் குடுக்கலை. நான் ஒரு தடவைகூட அதுக்குள்ள போனதில்லை. தலைமைன்னா அதுதான். ஒருத்தராவது ஆரோக்கியமா இருக்கணும்."

கை தட்டினார்கள். கமிஷன் தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். அவர் மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும்.

"ஒரே ஒரு சந்தேகம். இதைக் கட்டினது யாரு? நீயாம்மா? சரி. சொல்லு. அந்த ஜன்னல் வழியா காத்து வருதா, வரலியா?"

அறையில் மெல்லும் சத்தம் நின்றது.

வரவில்லை என்று சொன்னால் உண்மை. அப்போது பத்துப் பேர் இரண்டு வருடமாகக் காற்றில்லாத பள்ளத்தில் உட்கார்ந்திருந்தார்கள், இயக்குநர் பொய்க்குக் கையெழுத்துப் போட்டார், சிஸ்டம் கிடக்கட்டும், நிறுவனத்தையே பூட்ட வேண்டும். வருகிறது என்று சொன்னால் அத்தனை கழுத்துக்கும் அவள் காரணம். ஆனால் சிஸ்டம் வேலை செய்கிறது.

இயக்குநர் அவளைப் பார்க்கவில்லை. உப்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாஸ்னா தனக்குக் கோபம் வருமா என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. பயமும் வரவில்லை. எட்டு வருடத்தில் அதெல்லாம் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

"வருது" என்றாள்.

"நல்லா வருதா?"

"நல்லா வருது."

"அவ்வளவுதான் வேணும்" என்று தலைவர் கோப்பில் குறித்தார்.

தீர்மானம் இரண்டு மணிக்குள் எழுதப்பட்டது. திஹோமிர் அதைத் துக்கமாக வாசித்தார். சிஸ்டம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஜன்னல் திறந்திருக்கும், வாசலும் திறந்திருக்கும். காற்று உள்ளே வர வேண்டும், ஆனால் யார் மீதும் படக்கூடாது. ஆகவே வேலை நேரம் முழுவதும் ஜன்னலுக்குள் ஒருவர் நின்று அதைத் தடுக்க வேண்டும். இதற்கென 'காற்றுத் தடுப்பு அலுவலர்' என்ற நிரந்தரப் பதவி உருவாக்கப்படுகிறது. மென்பொருள் துறையில் பட்டம் அவசியம். காற்றைப் பற்றி முன் அனுபவம் உள்ளவருக்கு முன்னுரிமை.

"சொன்னேனா இல்லியா?" என்று இயக்குநர் ஊர் வழக்கப்படி யாஸ்னாவின் கன்னங்களில் மூன்று முறை முத்தமிட்டார். கண்கள் கலங்கியிருந்தன. "எங்கம்மா இதைப் பார்த்திருக்கணும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தில் முடியும் தேதிக்கான கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு மட்டும் இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினாள். அப்பா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, பதவியின் பெயரைப் பற்றி ஒன்றும் கேட்காமல், விருந்துக்கென்று குளிர்பெட்டியிலிருந்து கோழியை எடுத்து வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் காகிதத்தில் இருந்த அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு யாஸ்னா வாளியை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குள் ஏறி நின்றாள். பணி விதிப்படி முகம் அறையைப் பார்த்திருக்க வேண்டும், கைகள் இரண்டும் சட்டத்தின் இரு பக்கமும் இருக்க வேண்டும். அதனால் அலமாரிகளைத் திறக்க அவளால் முடியாது. நிரல் எழுதும் வேலை வேறொருவருக்கு, மூன்று மாத ஒப்பந்தத்தில், கொடுக்கப்பட்டது. மலை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நிலவறையில் அவள் வெந்நீர்க் குழாய்க்கு முதுகு காட்டிக் கைகளை விரித்து நின்றாள்.

அவள் ஜன்னலை அடைத்து நின்றதால் மற்றவர்களுக்கு மலை பாதிதான் தெரிந்தது. பாதி மலை வாந்தியை நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

முதல் வாரத்திலேயே கழுத்துகள் சரியாகத் தொடங்கின. மூன்றாவது வாரத்தில் ஒருவர்கூட விடுப்பில் இல்லை. மிலுங்கா படிவத்தை மூடினாள். மருத்துவர் பொஸில்கா இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதக் குறிப்பெடுத்தார். அக்டோபரில் வெளியூரிலிருந்து பார்வையாளர்கள் வந்தபோது இயக்குநர் படிக்கட்டின் பாதி வரை இறங்கி வந்து, "அதோ, நிக்குது பாருங்க, எங்க தீர்வு" என்று காட்டினார். பார்வையாளர்களில் ஒருவர் தன் ஊரிலும் இதே பிரச்சினை உண்டு என்றார்.

திரைச்சீலை நான்கு வினாடிக்கு ஒரு முறை வந்து அவள் முதுகில் பட்டுத் திரும்பியது. அது படுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் எழுதினாள். எத்தனை வரிகள் என்றுகூட ஒரு காலத்தில் ஞாபகம் இருந்தது. நவம்பரில் முதுகு சில்லென்று ஆக ஆரம்பித்தது.

சாஸ்லவ் மேசையிலிருந்து தலையைத் தூக்கினார். இப்போது கழுத்து நன்றாகத் திரும்பியது.

"தங்கச்சி, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லேன். இடுக்கு வழியா வருது."

அவள் நகர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

நகர்ந்தாள்.

"ஆங், அங்கதான். அப்படியே நில்லு."

அவள் அப்படியே நின்றாள்.